ஊர்வனவற்றின் தாகம்
(வளர்ப்புக் கூண்டில் நீரும் ஈரப்பதமும் – ஒரு விளக்கம்)

முன்னுரை

ஊர்வன, பறப்பன, நடப்பன, நீர்வாழ்வன என உயிர்களைப் பகுத்துக் காண்பது தமிழர்க்குப் பழகிய முறை. அவற்றுள் ஊர்வனவற்றை நாம் பெரும்பாலும் அச்சத்தோடோ அருவருப்போடோதான் நோக்கி வந்துள்ளோம். சுவரில் திரியும் பல்லியையும் வேலியில் ஏறும் ஓணானையும் தவிர ஏனையவற்றோடு நமக்கு நெருங்கிய பழக்கம் இல்லை. மேலைநாடுகளிலோ பாம்பு, பல்லியினம், ஆமை ஆகியவற்றை வீட்டில் வளர்ப்பது பரவலான வழக்கமாகியுள்ளது. இன்று அவ்வழக்கம் நம் பெருநகரங்களையும் எட்டிவிட்டது.

நீரில்லாமல் கட்டிவைக்கப்பட்ட நாய் குரைத்துக் கேட்கும், ஆடு கத்தும், கிளி கூச்சலிடும். ஊர்வனவோ கேட்பதில்லை. பல நாள் நீரின்றிக் கிடந்தாலும் அவை அசையாமல் ஒரு மூலையில் இருக்கும். 'இது சாதுவாக இருக்கின்றது' என்று வளர்ப்பவர் மகிழ்ந்துகொண்டிருப்பார். கண்கள் குழிவிழுந்த பின்னரே உண்மை தெரியும். அப்பொழுது காலம் கடந்திருக்கும். கூண்டில் மடியும் ஊர்வனவற்றுள் பலவற்றின் அழிவுக்கு நீர்க்குறையும் ஈரக்கேடும் காரணமாக அமைகின்றன. ஆகவே, அவ்வுயிர்களுக்கு நீர் எவ்வாறு தேவைப்படுகின்றது, கூண்டில் அதனை எவ்வாறு அளிப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

நிலத்திற்கேற்ற நீர்

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் கருப்பொருள் பதினான்கினுள் விலங்கையும் நீரையும் தனித்தனியே எண்ணுகின்றது. குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் காட்டாறு, மருதத்திற்கு ஆறும் பொய்கையும், நெய்தலுக்குக் கடலும் உவர்நீர்க் கேணியும், பாலைக்கு வற்றிய கூவல் என நிலந்தோறும் நீர் வேறுபடுகின்றது. ஒரு நிலத்தின் உயிரை அந்நிலத்தின் நீரோடு சேர்த்தே அறிதல் வேண்டும் என்னும் தெளிவு இப்பகுப்பில் அடங்கியுள்ளது.

ஊர்வன வளர்ப்பிற்கு இதனினும் பொருத்தமான அடிப்படை வேறில்லை. 'பல்லிக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்?' என்று பொதுவாக வினவினால் விடை கிடையாது. 'எந்நிலத்துப் பல்லி?' என்பதே முதல் வினாவாகும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த தாடிப் பல்லிக்கு ஏறத்தாழ 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம் போதும். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பிற்கு 50 முதல் 60 விழுக்காடு வேண்டும். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் பச்சை இகுவானாவிற்கோ 70 விழுக்காடும் அதற்கு மேலும் தேவைப்படும். இம்மூன்றையும் ஒரே வகைக் கூண்டில் வைத்தால் ஒன்று வாழும், மற்றவை நோயுறும்.

ஊர்வன உடலும் நீர்ச் சிக்கனமும்

தவளையின் தோல் நீரைத் தாராளமாகக் கடத்தும். ஊர்வனவற்றின் தோல் அத்தகையதன்று. கெரட்டின் என்னும் புரதத்தாலான செதில்களும் அவற்றின் இடையே அமைந்த கொழுப்புப் படலமும் உடல்நீர் ஆவியாகாமல் காக்கின்றன. இவ்வமைப்பினாலேயே ஊர்வன நீர்நிலையை விட்டு விலகிப் பாலையிலும் வாழக் கற்றன.

கழிவிலும் அவை சிக்கனம் காட்டுகின்றன. பாலூட்டிகள் தம் நைட்ரசன் கழிவை யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றுகின்றன. அதற்கு நீர் மிகுதியாகச் செலவாகும். பல்லியும் பாம்பும் அதனை யூரிக் அமிலமாக்கி, ஏறக்குறைய திண்ம வடிவில் வெளியேற்றுகின்றன. வீட்டுப் பல்லியின் எச்சத்தில் கரிய பகுதியின் முனையில் வெண்ணிறமாக ஒட்டியிருப்பது இந்த யூரிக் அமிலமே. நாள்தோறும் நாம் துடைத்தெறியும் அச்சிறு வெண்புள்ளி, நீரைச் சேமிக்கும் அரிய உத்தி ஒன்றின் சான்றாகும்.

ஆனால் இச்சிக்கனத்திற்கும் ஓர் எல்லை உண்டு. உடலில் நீர் தொடர்ந்து குறையுமாயின் யூரிக் அமிலம் வெளியேறாமல் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படிகமாகத் தங்கிவிடும். இதுவே ஊர்வனவற்றைத் தாக்கும் கீல்வாத நோய். வளர்க்கப்படும் இகுவானாக்கள் சிறுநீரகம் கெட்டு மடிவதற்கு நெடுநாள் நீர்க்குறை ஒரு முதன்மைக் காரணமாகும். எச்சத்தின் வெண்பகுதி மென்மையாக இருந்தால் உடலில் நீர் போதிய அளவு உள்ளது என்று கொள்ளலாம். அது மஞ்சளித்துச் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகினால் அவ்வுயிர் தாகத்தால் வாடுகின்றது என்பது பொருள். குழிந்த கண், மடிப்பு விழுந்த தோல், பிசுபிசுத்த எச்சில் ஆகியனவும் இதன் அறிகுறிகளாம்.

நீர் அருந்தும் வகைகள்

கிண்ணத்தில் நீர் வைத்தால் எல்லா உயிரும் குடித்துவிடும் என்று எண்ணுதல் இயல்பே. ஊர்வனவற்றைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் ஆபத்தானது.

பச்சோந்தியை முதற்சான்றாகக் கொள்வோம். அது மரத்தில் வாழ்வது. இலைகளில் தங்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நாவால் நக்கிப் பருகுவது. அசையாமல் நிற்கும் நீரை அது பெரும்பாலும் நீரென்றே உணர்வதில்லை. நிறைந்த கிண்ணம் காலடியில் இருக்க, மேற்கிளையில் அமர்ந்தபடியே தாகத்தால் மடிந்த பச்சோந்திகள் பல. எனவே அதன் கூண்டில் இலைகளின்மேல் நாளுக்கு இருமுறையேனும் நுண்துளியாக நீரைத் தெளிக்க வேண்டும்; அல்லது மேலிருந்து துளித்துளியாக நீர் சொட்டுமாறு அமைக்க வேண்டும். துளி விழுந்து இலை அசைவதையும் ஒளி பட்டு மின்னுவதையும் கண்ட பின்னரே அதன் நா நீளும்.

நியூகினியின் பச்சை மரமலைப்பாம்பு கிளையில் சுருண்டிருக்கும் நிலையில், தன் உடற்சுருள்களில் தேங்கும் மழைநீரையே பருகுகின்றது. ஆஸ்திரேலியாவின் 'முட்பேய்' எனப்படும் மோலோக் பல்லியின் திறம் இதனினும் வியப்பானது. அதன் செதில்களுக்கிடையே மயிரிழை போன்ற நுண்கால்வாய்கள் உள்ளன. தேங்கிய நீரில் அது நின்றாலே போதும். நீர் அக்கால்வாய்களின் வழியே நுண்புழை ஏற்றத்தால் ஏறி வாயை வந்தடையும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் முறையே இதுவும்.

வட அமெரிக்காவின் மோகாவிப் பாலையில் வாழும் ஆமை, மழை பெய்த நாளில் நிறையக் குடித்துச் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்துக்கொள்கின்றது. அதனை எவரேனும் திடீரெனத் தூக்கினால் அஞ்சி அந்நீரைக் கழித்துவிடும். விளையாட்டாகத் தூக்கியவருக்கு அது சிறு அருவருப்பு. ஆமைக்கோ பல மாதச் சேமிப்பின் இழப்பு. அடுத்த மழை வரும்வரை அது பிழைக்காமலும் போகலாம்.

கடலிலேயே வாழ்ந்து முடியும் மஞ்சள்வயிற்றுக் கடற்பாம்பும் உப்புநீரைப் பருகுவதில்லை. மழை பெய்யும்போது கடற்பரப்பின்மேல் தற்காலிகமாக மிதக்கும் நன்னீர்ப் படலத்தை எதிர்பார்த்தே அது வாழ்கின்றது. மழையில்லா மாதங்களில் அது தாகத்தோடிருக்கின்றது என்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்விடத்தில், பாம்பு பால் குடிக்கும் என்னும் நம்பிக்கையைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் தகும். பால், பாலூட்டிக் குட்டிகளின் உணவு. அதனைச் செரிக்கும் உடலமைப்பு பாம்பிற்கு இல்லை. காட்சிக்கு வைக்கப்படும் பாம்பு பாலைக் குடிப்பதுபோல் தோன்றினால், அதற்கு முன் பல நாள் அதற்கு நீர் மறுக்கப்பட்டிருக்கும். தாகம் முற்றிய உயிர் கிடைத்த நீர்மத்தைக் குடிக்கின்றது. அதனைப் பாலின்மேல் கொண்ட விருப்பம் என நாம் கொள்ளுதல் பொருந்தாது.

ஈரப்பதம் என்பது யாது?

குடிநீர் ஒருபுறமிருக்க, காற்றிலுள்ள ஈரமும் ஊர்வனவற்றிற்கு இன்றியமையாதது. மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் வெளியேறும் நீரின் அளவைக் காற்றின் ஈரமே உறுதிசெய்கின்றது.

ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய நீராவிக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அவ்வுச்ச அளவில் எத்தனை விழுக்காடு இப்பொழுது காற்றில் உள்ளது என்பதையே ஒப்பு ஈரப்பதம் என்கின்றோம். 20 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியை ஏற்கும். 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம் ஏற்கும். 20 பாகையில் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் இருப்பது ஏறத்தாழ எட்டரை கிராம். அதே காற்றை விளக்கால் 30 பாகைக்குச் சூடேற்றினால் எட்டரை கிராம் அப்படியே இருக்கும். ஆனால் ஒப்பு ஈரப்பதம் 28 விழுக்காடாக வீழ்ந்துவிடும். ஒரு துளி நீரும் வெளியேறாமலே கூண்டு வறண்டுவிடுகின்றது!

குளிர்நாடுகளில் ஊர்வன வளர்ப்போர்க்கு நேரும் முதன்மையான இடர் இதுவே. ஊர்வன தம் உடல்வெப்பத்தைத் தாமே ஆக்கிக்கொள்ள மாட்டா. ஆகவே கூண்டில் வெப்ப விளக்கு வேண்டியுள்ளது. அவ்விளக்கு வெப்பத்தைத் தருகின்றது, ஈரப்பதத்தைக் குறைக்கின்றது. நம் நாட்டில் குளிர்பதனப் பொறி இயங்கும் அறையிலும் காற்றிலுள்ள நீர் குளிர்ந்து வடிந்துவிடுவதால் வறட்சியே மிஞ்சுகின்றது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. குளிர்நாட்டு நூல் கூறும் தெளிப்பு முறையை அப்படியே சென்னையில் பின்பற்றலாகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடற்கரை ஊர்களின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவதுண்டு. அங்கே தாடிப் பல்லி போன்ற பாலைநில உயிருக்கு ஈரத்தைக் கூட்டுவது தேவையில்லை, குறைப்பதே தேவை. அதே ஊர்வன சித்திரை வெயிலில் மதுரையிலோ திருச்சியிலோ இருந்தால் நிலைமை வேறு. நூல் கூறும் இலக்கு எண்ணைக் கொள்ளலாம். அதனை எட்டும் வழியை அவ்வூர்க் காற்றே முடிவு செய்ய வேண்டும்.

தோலுரித்தலும் ஈரமும்

ஈரப்பதம் சரியாக உள்ளதா என்பதற்கு ஊர்வன தரும் நேர்மையான சான்று அவற்றின் சட்டையே. உரிப்பதற்குச் சில நாள் முன்னர்ப் பாம்பின் நிறம் மங்கும். கண் நீலம் படிந்த பால் நிறமாக மாறும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒரு நீர்மம் சுரப்பதே அதற்குக் காரணம். காற்றில் போதிய ஈரம் இருப்பின் மூக்கு முனை முதல் வால் நுனி வரை சட்டை ஒரே துண்டாகக் கழலும். வறட்சியிலோ அது துண்டு துண்டாகக் கிழிந்து உடலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இமையற்ற பாம்பின் கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு கழல வேண்டும். அது கழலாமல் தங்கினால் கண் கெடும். வளர்ப்போர் சிலர் அதனை நகத்தாலோ இடுக்கியாலோ பிய்க்க முயல்வர். அது கண்ணையே போக்கிவிடக்கூடும். பல்லிகளின் விரல்களிலும் வால் நுனியிலும் தங்கும் பழைய தோல் வளையம்போல் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். நாளடைவில் விரலே உதிர்ந்துவிடும். இத்தகைய நிலையில் வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் சிறிது நேரம் விடுதலும், ஈரத்துணியின் ஊடே ஊர்ந்து செல்ல விடுதலும் தக்க முறைகள். கண்ணின் சிக்கலைக் கால்நடை மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும்.

சிறுத்தைப் பல்லி ஆப்கானித்தானம், பாகித்தான் முதலிய வறண்ட நாடுகளின் உயிர். ஆயினும் அது வறண்ட காற்றிலேயே எப்பொழுதும் வாழ்வதன்று. பகலெல்லாம் பாறை இடுக்கிலும் வளையிலும் ஒடுங்கியிருக்கும். அங்கே ஈரம் உண்டு. பந்து மலைப்பாம்பும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கின்றது. எனவே, கூண்டு முழுவதையும் நனைப்பதைவிட, ஈரப்பாசி இட்ட ஒரு சிறு மறைவிடத்தை ஒரு மூலையில் வைப்பதே நல்லது. வேண்டும்போது அவ்வுயிர் தானே உள்ளே செல்லும். போதுமெனில் தானே வெளிவரும். எவ்வளவு ஈரம் வேண்டுமென்பதை நம்மைவிட அதுவே நன்கறியும்.

ஆமையின் ஓடு

வளர்ப்பு ஆமைகளின் ஓட்டில் ஒவ்வொரு தகடும் கூம்புபோல் உயர்ந்து கரடுமுரடாவது நெடுங்காலமாக அறியப்பட்ட குறை. புரதம் மிகுந்த உணவே அதற்குக் காரணம் எனப் பலர் கருதினர். 2003-இல் வெளியான ஆய்வொன்றில் ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்து நோக்கினர். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடே மிகுதியாகக் கூம்பியது. புரதத்தின் பங்கு சிறிதாகவே இருந்தது. குழந்தைப் பருவத்தில் மறுக்கப்பட்ட ஈரம் வாழ்நாள் முழுவதும் முதுகில் எழுதப்பட்டுவிடுகின்றது. (நம் நட்சத்திர ஆமையின் ஓடு காட்டிலும் இயல்பாகவே ஓரளவு கூம்பியிருக்கும், அதனைக் குறையெனக் கொள்ளற்க.)

நீர்வாழ் ஆமைகளின் நிலை வேறு. நம் நகரக் கடைகளில் பரவலாக விற்கப்பட்டு வந்த சிவப்புக்காது ஆமை உள்ளங்கை அளவுக் குஞ்சாக வருகின்றது. வளர்ந்தபின் ஓடு ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவை எட்டும். அது நீரிலேயே உண்டு நீரிலேயே கழிவதால் நீர் விரைவில் நஞ்சாகும். வடிகட்டியும் அடிக்கடி நீர் மாற்றுதலும், ஏறி உலர்ந்து வெயில் காய ஒரு மேடும் தேவை. அதன் உடலிலும் நீரிலும் சால்மோனெல்லா நுண்ணுயிர் இருக்கக்கூடும். குழந்தைகளுக்கு அந்நோய் பரவியமையால் அமெரிக்க அரசு நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையை 1975-இல் தடைசெய்தது. ஆமையையோ அதன் நீரையோ தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதலும், அந்நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதிருத்தலும் கட்டாயமாகும்.

மிகினும் குறையினும் நோய்

குறையால் வரும் கேடுகளைக் கண்டோம். மிகையும் கேடே. எந்நேரமும் ஈரமான தரையில் கிடக்கும் பாம்பின் வயிற்றுச் செதில்களில் கொப்புளம் தோன்றிப் புண்ணாகும். காற்றோட்டமற்ற ஈரம் பூஞ்சையையும் மூச்சுறுப்பு நோயையும் வளர்க்கும். வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூக்கில் குமிழி தோன்றுதல் ஆகியன அதன் அறிகுறிகள்.

இங்கே ஈரம் வேறு, நனைவு வேறு என்பதை உணர வேண்டும். காற்று ஈரமாக இருக்கலாம். தரை சொதசொதப்பாக இருத்தல் கூடாது. தெளித்த நீர் சில மணி நேரத்தில் உலர்ந்துவிட வேண்டும். மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இயற்கையின் ஒழுங்கே கூண்டிற்கும் ஏற்றது.

கூண்டில் ஈரம் அமைத்தல்

கண்ணாடிப் பேழைக்குள் ஈரத்தைக் காக்கும் கலைக்கு வழிகாட்டியவர் இலண்டன் மருத்துவர் நதானியேல் பாக்சா வார்டு. 1829-இல் மூடிய கண்ணாடிக் குடுவையில் ஒரு கூட்டுப்புழுவை வைத்திருந்த அவர், உள்ளிருந்த மண்ணில் பெரணி தானே முளைத்து வளர்வதைக் கண்டார். பகலில் ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணிற்கே திரும்புவதை அவர் உணர்ந்தார். அதிலிருந்து தோன்றிய 'வார்டுப் பேழை'யே இன்றைய கண்ணாடிக் கூண்டுகளின் முன்னோடி. 1849-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் ஊர்வனவற்றிற்கென்றே தனி இல்லம் திறக்கப்பட்டது. உலகில் அதுவே முதலாவது.

இன்று கூண்டமைப்போர் கருதவேண்டியவை வருமாறு:

1. நீர்க்கிண்ணம் கனமாகவும் ஆழமற்றும் இருத்தல் வேண்டும். நாள்தோறும் கழுவி நீரை மாற்ற வேண்டும். அகன்ற கிண்ணம் மிகுதியாக ஆவியாகும். அதனை வெப்பமுள்ள பக்கம் வைத்தால் ஈரப்பதம் உயரும், குளிர்ந்த பக்கம் வைத்தால் தாழும்.

2. தரைப்பொருள் ஈரத்தைத் தேக்கி மெல்ல விடுவதாக இருத்தல் நன்று. இதற்கு உலகெங்கும் விரும்பப்படுவது தேங்காய் நார்க்கழிவுத் தூள். ஒரு காலத்தில் பொள்ளாச்சி வட்டாரத்தில் குப்பையெனக் குவிந்து கிடந்த பொருள், இன்று அழுத்திய கட்டிகளாகக் கப்பலேறிச் செல்கின்றது.

3. காற்றோட்டம் இன்றியமையாதது. மேற்புறம் முழுவதும் வலையாயின் ஈரம் தங்காது. முழுவதும் கண்ணாடியாயின் காற்று புழுங்கும். வலையின் ஒரு பகுதியை மட்டும் மூடுதல் நடுவழி.

4. ஈரமானி கட்டாயம் வேண்டும். கையால் தடவி அறிதல் போதாது. கூண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைத்தல் நலம். அது சரியாகக் காட்டுகின்றதா என்று சமையல் உப்பாலேயே சோதிக்கலாம். ஒரு மூடியில் உப்பிட்டுச் சேறுபோல் ஆகுமளவு சில துளி நீர் சேர்த்து, ஈரமானியோடு காற்றுப்புகாப் பையில் இரவு முழுவதும் வைத்தால் அது 75 விழுக்காடு காட்ட வேண்டும். வேறு எண் காட்டினால் வேறுபாட்டைக் குறித்து வைத்துக் கணக்கிடலாம்.

இவற்றிற்கெல்லாம் விலையுயர்ந்த கருவிகளே வேண்டுமென்பதில்லை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நஞ்செடுப்பதற்காகக் கொணரப்படும் பாம்புகளை மணலிட்ட மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டிக் காக்கின்றனர். மண்பானை இருள் தரும். நுண்துளைகளின் வழியே கசியும் நீர் குளிர்ச்சி தரும். துணி காற்றைத் தரும். வளையின் இயல்பெல்லாம் ஒரு பானையில் அமைந்துவிடுகின்றது. குறித்த காலத்திற்குப் பின் அப்பாம்புகள் காட்டில் விடப்படுகின்றன என்பது இதனினும் போற்றத்தக்கது.

சட்டமும் பொறுப்பும்

நம் நாட்டு உடும்பு, பச்சோந்தி, மலைப்பாம்பு, நட்சத்திர ஆமை ஆகியவற்றை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். வீட்டிற்கு நன்மை வரும் என்று நட்சத்திர ஆமையை வாங்கி வைப்போர் இதனை அறிதல் வேண்டும். அயல்நாட்டு ஊர்வனவற்றுள் பன்னாட்டு வணிக ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்றவற்றை வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும் என 2022-இல் நிறைவேறிய திருத்தமும் 2024-இல் வெளியான விதிகளும் கூறுகின்றன.

அண்மை ஆண்டுகளில் தாய்லாந்திலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பயணப் பெட்டிகளுள் மலைப்பாம்புக் குட்டிகளும் இகுவானாக்களும் அடைக்கப்பட்டிருந்ததைச் சுங்கத்துறையினர் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். துணிப்பைகளிலும் நெகிழிப் பெட்டிகளிலும் நீரின்றி, காற்றின்றி வந்த அவ்வுயிர்களுள் சில உயிரோடு இல்லை. கடையில் கண்ணாடிக்குப் பின்னே அழகாகத் தோன்றும் ஊர்வன எவ்வழியே வந்தது என்று கேட்பது வாங்குபவரின் முதற்கடமை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. ஊர்வன நீரைச் சிக்கனமாகச் செலவிடுவன. ஆயினும் நீரின்றி வாழ்வன அல்ல. அவை அருந்தும் முறை இனத்திற்கு இனம் வேறுபடும். குடிநீரோடு காற்றின் ஈரமும் தேவை. அது குறைந்தாலும் நோய், மிகுந்தாலும் நோய். அளவை அவ்வுயிரின் தாய்நிலம் கூறும். வழியை நாம் வாழும் ஊரின் காற்று கூறும்.

காட்டில் வாழும் உயிர் வறட்சி வந்தால் வளையைத் தேடும். சுனையை நோக்கி நடக்கும். கூண்டிலுள்ள உயிர்க்கு நடக்க இடமில்லை. அதன் மழையும் பனியும் சுனையும் வளர்ப்பவரின் கையிலேயே உள்ளன. அப்பொறுப்பை நாள்தோறும் சுமக்க இயலுமா என்று ஒருவர் தம்மையே கேட்டுக்கொண்டு, இயலாதெனில் வாங்காதிருப்பதும் அவ்வுயிர்க்குச் செய்யும் நன்மையே ஆகும்.